குழூஉக்குறி

ஒரு கூட்டத்தார் தமக்குள்ளே மட்டும் வழங்கிக்கொள்ளும் சொல்லுக்குக் குழூஉக்குறி என்று பெயரிட்டு, தகுதி வழக்கு மூன்றனுள் ஒன்றாக அதனை வைத்தார் நன்னூல் ஆசிரியர் பவணந்தி முனிவர். தாய்நாட்டுப் பள்ளியில் இலக்கணம் பயின்ற அன்பர்களுக்கு அதற்குத் தரப்படும் எடுத்துக்காட்டுகள் நினைவிருக்கும். பொற்கொல்லர் பொன்னைப் 'பறி' என்பர். யானைப்பாகர் ஆடையைக் 'காரை' என்பர். வேடர் கள்ளைச் 'சொல்விளம்பி' என்பர். மூன்றாவதன் நயம் பெரிது. உண்டவன் உள்ளத்தில் உள்ள சொல்லையெல்லாம் விளம்பிவிடுவான் அன்றோ!

பொற்கொல்லரும் பாகரும் ஏன் அவ்வாறு பேசினர் என்பதற்கு, அயலார் அறியாதிருத்தல் வேண்டும் என்பதே பொதுவாகச் சொல்லப்படும் விடை. ஆயினும் குழூஉக்குறிகள் யாவும் மறைப்பதற்கென்றே தோன்றியவை என்று கொள்ள எங்களுக்கு மனம் வரவில்லை. ஒரே பொருளில் பற்றுக்கொண்ட பத்துப் பேர் நாள்தோறும் கூடிப் பேசினால், முழுச்சொல் தானே தேய்ந்து அரைச்சொல் ஆகின்றது. அரைச்சொல் தேய்ந்து ஓரெழுத்தாகின்றது. நெடுநாட் பழக்கம் அதற்கு ஒரு காரணம். நேரமின்மை மற்றொரு காரணம். பம்பாய் வாழ்வில் முன்னதும் உண்டு. பின்னதற்கோ குறைவே இல்லை.

பொழுதுபோக்கிற்காகக் கூடும் கூட்டங்களில்தான் இவ்வகைச் சுருக்கம் மிகுதியும் செழிக்கின்றது. தாராவி இளைஞரைக் கேளுங்கள், 'எஃப்.டி.எஃப்.எஸ்.' என்பர். படம் வெளியாகும் முதல் நாளின் முதற்காட்சி என்பது பொருள். ரஜினிகாந்த் படங்கள் வெளியான நாள்களில் விடியுமுன்னரே அரோரா திரையரங்கின் வாயிலில் மேளமும் கட்அவுட்டும் பாற்குடமுமாக அவர்கள் கூடியதை மாட்டுங்கா நன்கறியும். அந்த நான்கு எழுத்தின் பொருளை யாரும் யாருக்கும் விளக்கியதில்லை. விளக்க வேண்டிய தேவையும் எழவில்லை. மேளச்சத்தம் கேட்டு வந்து நின்ற சிறுவனுக்கும் அது விளங்கிவிட்டது.

அமெச்சூர் வானொலிக்காரர் செய்தி இன்னும் சுவையானது. தம் வீட்டு மாடியில் கம்பி கட்டிக்கொண்டு, முன்பின் அறியாத நாட்டாருடன் வானலையில் உரையாடுவதைப் பொழுதுபோக்காகக் கொண்டவர் இவர். 'ஹாம்' என்று உலகெங்கும் அழைக்கப்படுபவர். நம் நாட்டின் பிரதமராயிருந்த ராஜீவ் காந்தியும் இக்கூட்டத்தில் ஒருவர், வி.யு.2 ஆர்.ஜி. என்பது அவருக்குரிய அழைப்புக்குறி. இவர்களுடைய பேச்சில் பாதி எழுத்தும் எண்ணுமே. 'கியூ.டி.எச்.' என்றால் இருக்கும் இடம், 'கியூ.ஆர்.எம்.' என்றால் பிற நிலையங்களின் இடையூறு. '73' என்றால் அன்பு வணக்கம். தந்திக்காரர் புள்ளியும் கோடுமாகத் தட்டிய காலத்தில் விரலுக்கு ஓய்வு கொடுக்கப் பிறந்த குறிகள் இவை. தந்தி நம் நாட்டில் 2013 ஜூலையில் நின்றே போயிற்று, குறிகள் நிற்கவில்லை. 2004ஆம் ஆண்டு டிசம்பர் 26 அன்று ஆழிப்பேரலை அந்தமானைத் தாக்கியபோது, வானொலிப் பொழுதுபோக்கின் பொருட்டாகவே போர்ட் பிளேர் சென்றிருந்த பாரதி பிரசாத் என்னும் அம்மையாரும் அவர்தம் குழுவினரும், தொலைபேசி அற்றுப்போன தீவுகளிலிருந்து பிழைத்தோர் செய்தியைத் தாய்நிலத்திற்கு அனுப்பிக்கொண்டிருந்தனர்.

இக்கூட்டத்தாரிடம் எங்களுக்கு ஒரு தனி மதிப்பு உண்டு. அதற்குக் காரணம் இரண்டு. உரிமம் வேண்டி வருபவனுக்கு இக்குறிகளைப் பாடமாகவே வைத்திருக்கின்றனர்; பொருளறியாமல் ஒருவனும் உள்ளே வருவதில்லை, வந்தபின் விழிப்பதும் இல்லை. மற்றொன்று, கருவியைத் திறந்தவுடன் அவர்கள் முதலில் அனுப்பும் இரண்டெழுத்து: 'சி.கியூ.' கேட்பவர் யாராயினும் மறுமொழி தருக என்பது அதன் பொருள்.

இனி நம்மவர் கூட்டத்திற்கு வருவோம். மும்பைத் தமிழரின் பொழுதுபோக்குகளுள் சங்கீதத்திற்குத் தனியிடம் உண்டென்பதை எடுத்துரைக்க வேண்டுவதில்லை. சண்முகானந்த சபை 1952இல் தொடங்கிற்று; கிங்ஸ் சர்க்கிளில் அதன் பேரரங்கம் 1963இல் எழுந்தது; 1990இல் தீக்கிரையாகி 1998இல் மீண்டும் திறக்கப்பெற்றது. செம்பூரில் ஃபைன் ஆர்ட்ஸ் சொசைட்டி இருக்கின்றது. அரங்கிற்கு வெளியே காபிக் குவளையுடன் நிற்கும் இரசிகர் பேச்சைச் சிறிது செவிமடுத்தால் போதும். 'தோடி ஆர்.டி.பி.; ரெண்டு களை; தனிக்கு முன்னாலேயே பாதிக்கூட்டம் எழுந்துவிட்டது; துக்கடா மூன்று.' இராகம் தானம் பல்லவி என்ற நெடும்பெயர் ஆர்.டி.பி. ஆயிற்று. தாளவாத்தியக்காரர் தாமே நின்று வாசிக்கும் தனி ஆவர்த்தனம் வெறுந்'தனி' ஆயிற்று. துக்கடா என்பதோ மராத்தியர் துண்டு என்னும் பொருளில் வழங்கும் 'துக்டா' என்னும் சொல். தஞ்சையிலிருந்து நம்முடன் மூட்டை கட்டிக்கொண்டு வந்த சொல்லை, செம்பூரில் அடுத்த வீட்டு மராத்திய அம்மையார் கேட்டவுடன் தம் சொல் என்று கண்டுகொண்டார்!

சங்கீதத்தின் அடிப்படையே சுருக்கெழுத்துத்தான். ச, ரி, க, ம, ப, த, நி என்பன சட்ஜம் முதலாய ஏழு பெயர்களின் முதலெழுத்துகள். ஒரு காற்புள்ளி இட்டால் ஓர் அட்சரம் நீளும். அரைப்புள்ளி இட்டால் இரண்டு. எழுத்தின் மேல் புள்ளி வைத்தால் மேல் ஸ்தாயி, கீழே வைத்தால் கீழ் ஸ்தாயி. எட்டயபுரத்தில் 1904இல் 'சங்கீத சம்பிரதாய பிரதர்சினி' என்னும் பெருநூலை வெளியிட்ட சுப்பராம தீட்சிதர், கமகங்களுக்கும் தனித்தனிக் குறி அமைத்தார். அமைத்ததோடு நில்லாமல், எந்தக் குறிக்கு எது பொருள் என்பதையும் நூலிலேயே விளக்கி வைத்தார். அந்த விளக்கம் இல்லையாயின், நூறாண்டுக்குப் பின் அதைக் கையில் எடுப்பவர்க்கு அப்பெருநூல் வெறும் கோலமாகவே தோன்றியிருக்கும்.

இன்னும் பழைய சுருக்கம் கடபயாதி. மெய்யெழுத்துகளுக்கு வரிசையாக எண் கொடுத்து, மேளகர்த்தா இராகப் பெயரின் முதல் இரண்டெழுத்தின் எண்களைத் திருப்பிப் போட்டால், எழுபத்திரண்டு மேளங்களுள் அந்த இராகத்தின் இடம் கிடைக்கும் என்பது ஏற்பாடு. மேசகல்யாணியில் மே என்பது 5, ச என்பது 6, திருப்பினால் 65. கணக்குப் பொருந்துவதற்காகவே கல்யாணிக்கு மேச என்றும், தோடிக்கு ஹனும என்றும், சங்கராபரணத்திற்குத் தீர என்றும் முன்னொட்டுச் சேர்த்தனர். தமிழெழுத்தில் இக்கணக்கு ஓரிடத்தில் இடறும். கீரவாணி 21, கரகரப்பிரியா 22. தமிழில் எழுதிப் பார்த்தால் இரண்டும் ககரத்தில் தொடங்கி ரகரத்தில் தொடர்வன. இரண்டிற்கும் 21 என்றே விடை வரும். வடமொழியில் அவை வேறுவேறு ககரங்கள் என்பது தெரிந்தவர்க்கே பூட்டுத் திறக்கும். குறி செய்தவன் எந்த நெடுங்கணக்கை மனத்தில் வைத்துக்கொண்டு செய்தான் என்பது தெரியாவிடின் குறியால் பயன் இல்லை.

பாடகர் பெயர்களும் அவ்வாறே. எம்.எஸ்., எம்.எல்.வி., ஜி.என்.பி., எம்.டி.ஆர். என்றால் நம் தலைமுறைக்குப் போதும். குரலே காதில் ஒலிக்கத் தொடங்கிவிடும். எங்கள் மூவருள் மூத்தவளின் பேரன் ஒருநாள் கூடத்தில் அமர்ந்து நாங்கள் பேசுவதைக் கேட்டுக்கொண்டிருந்தான். வயது ஒன்பது. "பாட்டி, எம்.எஸ். பாடவும் பாடுவாரா?" என்று வியப்புடன் கேட்டான். அவனுக்குத் தெரிந்த எம்.எஸ். ஒருவரே, சென்னை அணிக்காக மட்டை பிடிப்பவர். சிரித்தோம். சிரித்து முடித்தபின், அந்த எழுத்துகளை அவனுக்கு விரித்துச் சொன்னோம். மதுரை, சண்முகவடிவு, சுப்புலட்சுமி. சண்முகவடிவு என்பவர் வீணை வாசித்த அன்னை. மதராஸ், லலிதாங்கி, வசந்தகுமாரி. லலிதாங்கியும் அன்னையே, அவரும் பாடகியே. நம் ஊரில் முன்னெழுத்து என்றால் தந்தை பெயர் என்பதே வழக்கம். இவ்விருவர் பெயரிலோ தாய் அமர்ந்திருக்கின்றாள். தாயிடமிருந்து வந்த கலை என்பதைப் பெயரே சொல்கின்றது. சுருக்கிச் சுருக்கி அந்தத் தாய்மாரை நாம் ஓரெழுத்தாக்கிவிட்டோம். அவ்வெழுத்தும் ஆங்கில எழுத்து.

மும்பைக்கு வந்த நம்மவர் தம் முன்னெழுத்தை முதன்முதலாக விரித்தது சங்கீதத்திற்காக அன்று, ரேஷன் அட்டைக்காக என்பதையும் இடையே சொல்லிவிடலாம். குடும்பப் பெயர், தன் பெயர், தந்தை பெயர் என்று மூன்று கட்டம் போட்ட தாளைக் கண்டு, 'எனக்குக் குடும்பப் பெயர் கிடையாதே' என்று திகைக்காத தமிழர் இந்நகரில் சிலரே. சிலர் ஊர்ப்பெயரை எழுதினர். சிலர் தந்தை பெயரை இருமுறை எழுதினர். அவர்களுடைய பேரப்பிள்ளைகள் இன்றும் அப்பெயரைச் சுமந்துகொண்டிருக்கின்றனர்.

மூத்தவளுக்கு ஒரு பேத்தியும் உண்டு. வயது பதினைந்து. செம்பூரில் பிறந்து, ஆறு வயது முதல் வாய்ப்பாட்டுப் பயில்பவள். தமிழ் பேசுவாள், எழுத்துக்கூட்டிப் படிப்பாள். சென்ற ஆண்டு அவளைக் கைப்பேசியில் இயங்கும் ஓர் இரசிகர் குழுவில் யாரோ சேர்த்துவிட்டனர். இருநூறு பேர் கொண்ட குழு. பல்லாண்டுகளாகக் கச்சேரி கேட்டுப் பழுத்தவர்கள். கச்சேரி நடந்துகொண்டிருக்கும்போதே நாற்காலியில் அமர்ந்தவாறு எழுதி அனுப்புபவர்கள். ஒருநாள் இவள், 'தனி என்றால் என்ன?' என்று கேட்டு எழுதினாள். ஒருவர் சிரிக்கும் முகத்தின் படத்தை அனுப்பினார். மற்றொருவர், 'கேட்கக் கேட்கத் தானாக வரும்' என்று எழுதினார். பின்னர் உரையாடல் வேறு கச்சேரிக்குப் போய்விட்டது. அன்று மாலையே அவள் குழுவிலிருந்து விலகிவிட்டாள்.

அக்குழுவினர் தீயவர் அல்லர். நோயுற்ற கலைஞருக்குப் பணம் திரட்டியவர்கள். வெளியூரிலிருந்து பாட வருபவரைத் தம் வீட்டில் தங்கவைப்பவர்கள். விளக்கம் எழுத அரை நிமிடம் ஆகும். அந்த அரை நிமிடத்தைச் சேமித்தனர். சேமித்த நேரத்தில் ஒரு பெண்ணை இழந்தனர் என்பது அவர்களுக்குத் தெரியாது. குழுவில் ஒருவர் குறைந்தால் கைப்பேசி ஒரு சிறுவரி காட்டும். அதை யார் பார்க்கின்றார்கள்?

இவளைப் பற்றி இவ்வளவு சொல்வதற்குக் காரணம் எங்கள் தந்தையாரின் ஏடுகள்.

தந்தையார் மாயூரத்திற்கு அருகில் ஒரு சிற்றூரினர். ஐசக் பிட்மன் 1837இல் வகுத்த சுருக்கெழுத்தில் நிமிடத்திற்கு 120 சொல் எழுதித் தேறிய சான்றிதழ் ஒன்றும், டிரங்குப் பெட்டி ஒன்றுமாக 1957இல் பம்பாய் வந்து இறங்கினார். அந்நாளில் அச்சான்றிதழ்தான் நம்மவர்க்குப் பயணச்சீட்டு. மாட்டுங்காவில் ஓர் அறையில் ஆறு பேர், உணவு மெஸ்ஸில், கோட்டைப் பகுதியில் ஒரு நிறுவனத்தில் ஸ்டெனோ வேலை. பகலெல்லாம் துரைமார் சொல்லச் சொல்லக் கோடு கிழித்த கை, மாலையில் கச்சேரியில் அமர்ந்தபோதும் ஓயவில்லை. 1959 முதல் தாம் கேட்ட கச்சேரிகளையெல்லாம் ஸ்டெனோ நோட்டில் குறித்து வைத்தார். 2011இல் அவர் மறைந்தபோது பதினான்கு ஏடுகள் இருந்தன.

அவற்றைத் திறந்தால் ஒரு பக்கம் இவ்வாறு இருக்கும்: '29 பி. 15 சா, வி. 65 நி.சு. 20 பை, ஆ.தா.ப.' இதனிடையே பிட்மன் கோடுகள். ஓரத்தில் சிறுசிறு சின்னங்கள். இடத்தின் பெயர் 'ஷ' என்றோ 'செ' என்றோ இருக்கும். எங்களுக்கோ சங்கீதத்தில் கேள்வி ஞானமே உண்டு. எண்களைக் கண்டு செலவுக்கணக்கோ, சீட்டெண்ணோ என்றெல்லாம் எண்ணி வியந்திருக்கின்றோம். வணிகர் ஏட்டில் நாளுக்கு ௳ என்றும், திங்களுக்கு ௴ என்றும், ஆண்டுக்கு ௵ என்றும், மேற்படி என்பதற்கு ௸ என்றும் எழுதிய மரபினர் ஆதலால், தந்தையாரும் அதுபோல ஏதோ ஒரு கணக்கு வைத்திருந்தார் என்றே தோன்றியது. அவர் இருந்தபோதே கேட்டிருக்கலாமே என்று அன்பர்கள் வினவலாம். ஞாயிறு மாலைகளில் ஏட்டை மடியில் வைத்துக்கொண்டு அவர் தமக்குள் புன்னகைப்பதைக் கண்டிருக்கின்றோம். அந்தப் புன்னகைக்குள் நுழைவதற்கு எவருக்கும் துணிவு வரவில்லை.

வீட்டை வெள்ளையடிக்கும் பொருட்டு அலமாரியைக் காலி செய்த நாளில் ஏடுகள் கீழே இறங்கின. பேத்தி ஒன்றை எடுத்துப் புரட்டினாள். "பாட்டி, இது கல்யாணி அல்லவா? 65!" என்றாள். "இது மாயாமாளவகௌளை, 15. பக்கத்தில் சா என்று இருக்கிறதே, 15இல் பிறந்த சாவேரியாக இருக்க வேண்டும். 20 பை என்றால் பைரவி. 29 பி, பிலஹரி." கூடத்தில் நின்றவாறே அவள் முழுப்பக்கத்தையும் படித்து முடித்தாள். தாய் மேளத்தின் எண்ணும், சேய் இராகத்தின் முதலெழுத்தும். மூன்று எழுத்திற்குள் ஓர் இராகம்! வி என்றால் விரிவான ஆலாபனை, நி.சு. என்றால் நிரவலும் சுரமும், ஆ.தா.ப. என்பது ஆலாபனை தானம் பல்லவி. இரசிகர் ஆர்.டி.பி. என்பதைத் தந்தையார் தமக்கென்று தமிழில் ஆக்கிக்கொண்டிருந்தார். ஐம்பதாண்டுக்கு மேல் எங்கள் வீட்டில் இருந்த ஏட்டின் திறவுகோல், வகுப்பில் மேளவரிசையை மனப்பாடம் செய்த பெண்ணிடம் இருந்தது.

பிட்மன் கோடுகள் அவளுக்கும் எட்டவில்லை. அதற்குத் தந்தையாருடன் மாட்டுங்கா அறையில் வாழ்ந்த நண்பர் ஒருவரைத் தேடிச் சென்றோம். நாங்கள் மாமா என்று அழைப்பவர்; அவளுக்கு மாமா தாத்தா. வயது தொண்ணூற்றொன்று. செம்பூரிலேயே மகன் வீட்டில் இருக்கின்றார். அவரும் ஓய்வுபெற்ற ஸ்டெனோதான். ஏட்டைக் கையில் கொடுத்ததும் முகத்தருகே பிடித்து, "கை மாறவே இல்லை, பாருங்கள்," என்றார். நெடுநேரம் வேறொன்றும் பேசவில்லை.

பிட்மன் முறை ஒலியை எழுதுவது. மெல்லிய கோடு பகரத்தின் வல்லொலி. அதே கோட்டைத் தடித்து எழுதினால் அதன் மெல்லொலி. உயிரொலிகள் புள்ளியாகவும் சிறுகோடாகவும் பக்கத்தில் வரும். வேகமாக எழுதுபவர் அவற்றை விட்டுவிடுவர். ஆதலால் ஒரு ஸ்டெனோவின் எழுத்தை மற்றொரு ஸ்டெனோ படிப்பது எளிதன்று என்று மாமா விளக்கினார். "எலும்புக்கூட்டைக் காட்டி இது யார் என்று கேட்பது போல்," என்றார். "ஆனால் இவன் எலும்பு எனக்குத் தெரியும்."

ஞாயிறுதோறும் வாசிப்பு நடக்கின்றது. மாமாவுக்குப் பார்வை மங்கிவிட்டமையால் பேத்தி பக்கத்தைக் கைப்பேசியில் படமெடுத்துப் பெரிதாக்கிக் காட்டுகின்றாள். அவர் சொல்லச் சொல்ல அவள் ஒரு புது நோட்டில் முழுச்சொல்லாக எழுதுகின்றாள். முதலில் ஆங்கில எழுத்தில் தமிழை எழுதினாள்; இப்போது தமிழிலேயே எழுதுகின்றாள்; பிழை மலிந்திருக்கின்றது, குறைந்தும் வருகின்றது. கடைசிப் பக்கத்தில் ஒரு பட்டியல்: எந்தக் குறிக்கு எது பொருள் என்று. சுப்பராம தீட்சிதர் செய்ததை அவள் அறிந்து செய்தாள் என்று சொல்ல முடியாது.

ஓரச் சின்னங்களுள் இரண்டின் பொருள் இதுவரை கிட்டியுள்ளது. ஒரு வட்டமும் அதனை வெட்டும் கோடும் பல பக்கங்களில் வருகின்றன. அது என்ன தாளமோ என்று பேத்தி கேட்டாள்.

"அதுவா? அது ரயில், அம்மா," என்றார் மாமா. "கிங்ஸ் சர்க்கிளில் ஏறி, வடாலா ரோடில் மாறி, செம்பூர் வந்து சேர வேண்டும். கடைசி வண்டியை விட்டால் விடியும் வரை பிளாட்பாரம்தான். தனி முடியுமுன் எழுந்து வந்த நாளெல்லாம் இந்தக் குறி போட்டிருக்கிறான்."

மற்றொன்று, அ என்னும் எழுத்தைச் சுற்றி ஒரு வட்டம். அம்மாவும் உடன் சென்ற நாள் என்று மாமா சொன்னார். பேத்தி பதினான்கு ஏட்டையும் புரட்டி எண்ணினாள். ஒன்பது இடத்தில் இருக்கின்றது. அம்மாவுக்குச் சங்கீதம் பிடிக்கும், பாடவும் செய்வாள். நாங்கள் மூவரும் குழந்தைகள். இரவில் எங்களை விட்டுச் செல்ல வேறு ஆள் கிடையாது. அந்த ஒன்பதைக் கேட்டபின் அன்று வாசிப்புத் தொடரவில்லை.

ஐந்தாவது ஏட்டில் இப்போது இருக்கின்றார்கள். சென்ற ஞாயிறு ஒரு சொல்லில் தகராறு. பென்சில் மங்கிப்போனமையால் கோடு தடிப்பா, மெலிதா என்பது தெரியவில்லை. தடிப்பாயின் ஆங்கிலத்தில் 'குட்', நன்று; மெலிதாயின் 'கட்', பாதியில் நறுக்கப்பட்டது. நிரவல் நன்றாக இருந்ததா, நின்றுபோயிற்றா? மாமா உருப்பெருக்கிக் கண்ணாடியையும் எடுத்து வந்தார். "குட்தான். கட் என்றெல்லாம் அவன் எழுத மாட்டான். எந்தப் பாடகரையும் குறை சொன்னவன் இல்லை," என்றார்.

"பாடகரைச் சொல்லியிருக்க மாட்டார், மாமா தாத்தா," என்றாள் அவள். "ஓரத்தில் ரயில் இருக்கிறது, பாருங்கள்."